கணைய அழற்சி: ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்றதும் நடக்கும் தவறுகள்

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் வீங்கிப் புண்ணாவதுதான் கணைய அழற்சி. அதற்கு ஆபரேஷன் தேவைப்படாது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வருகிறது. நியாயம்தான். திடீரென்று வரும் கணைய அழற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் லேசான வகை. டிரிப்ஸ், வலி மருந்து, கவனமான சாப்பாடு என்று ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பேருக்குக் கணையத் திசு செத்துப்போகலாம், சிறுநீரகமும் நுரையீரலும் திணறலாம். யாருக்கு எப்படிப் போகும் என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ‘ஆபரேஷன் இல்லை’ என்பதைப் ‘பயமில்லை’ என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுக்குப் பாயும், மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், வாந்தி எடுத்தாலும் தீராது. இதை கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்துகிறார்கள். மாரடைப்பும் சிலருக்கு இப்படி மேல்வயிற்று வலியாக வரும். எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கும் வலி இல்லை இது.

அட்மிஷன் போடும்போது குடிப்பழக்கத்தை மறைப்பது அடுத்தது. “எப்பவாவது விசேஷத்துக்குத்தான் டாக்டர்” என்று அம்மாவோ மனைவியோ மானத்துக்குப் பயந்து சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அந்த மனிதர் டிரிப்ஸைப் பிடுங்கி எறிவார். தினசரி குடித்த உடம்பு குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வரும் நிலை அது, உயிருக்கே ஆபத்தானது. முன்பே தெரிந்திருந்தால் அதற்கான மருந்தையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியையும் முதல் நாளே தொடங்கியிருப்பார்கள். டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

வார்டில் உறவினர்கள் தினமும் கேட்கும் கேள்வி: “இன்னைக்கு லைப்பேஸ் எவ்வளவு?” கணையம் சுரக்கும் என்சைம்களான லைப்பேஸோ அமைலேஸோ ரத்தத்தில் இயல்பைவிட 3 மடங்குக்கு மேல் போனால் நோயை உறுதிசெய்ய உதவும், அவ்வளவுதான். எண் பெரிதாக இருப்பதால் நோய் பெரிதென்றோ, குறைந்ததால் தப்பித்தோம் என்றோ அர்த்தமில்லை. சிறுநீர் போகும் அளவு, மூச்சு, நாடித்துடிப்பு இவைதான் நிலைமையைக் காட்டும். முதல் நாளே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதிலும் பெரும்பாலும் பயனில்லை. திசு செத்திருப்பது தெளிவாகத் தெரிய 3 நாளாவது ஆகும்.

டிரிப்ஸ் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. 2022-ல் வெளிவந்த வாட்டர்ஃபால் ஆய்வில், அதிவேகமாக ஏற்றியவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்துபோனது. அளவாக ஏற்றியவர்களில் அது 6 சதவீதம்தான். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை.

பட்டினி போடுவது பழைய முறை. வாந்தி அடங்கி, பசி எடுத்தால் 24 மணி நேரத்துக்குள்ளேயே எண்ணெய் குறைந்த மிருதுவான சாப்பாடு தொடங்கலாம்: இட்லி, குழைந்த ரசம் சாதம். சாப்பிடவே முடியாதவருக்கு மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுப்பார்கள். “டியூப் வேண்டாம், டிரிப்ஸ்லயே சத்து ஏத்துங்க” என்று மறுக்க வேண்டாம். குடல் நாள்கணக்கில் காலியாகக் கிடந்தால் அதன் உட்சுவர் நலிந்து, கிருமிகள் கசிந்து செத்த திசுவுக்குள் போய்ச் சேர வழி ஏற்படுகிறது.

இனி நான் மிகவும் கவலைப்படும் தவறு. கணையத்துக்கு ஆபரேஷன் இல்லை என்றதைப் பித்தப்பைக்கும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். பித்தப்பைக் கல் நழுவி வந்து அடைத்ததால்தான் அழற்சி வந்தது என்றால், கற்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. வலி போனது, வீட்டுக்குப் போகிறோம், பிறகு பார்க்கலாம் என்பது ஆபத்து. நெதர்லாந்தில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், லேசான அழற்சி வந்தவர்களுக்கு அதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்தபோது கல் சம்பந்தப்பட்ட சிக்கல்கள் 5 சதவீதம்; தள்ளிப்போட்டபோது 17 சதவீதம். கணையத்தைச் சுற்றி நீர் கோத்துத் தீவிரமாக இருந்தவர்களுக்கு மட்டுமே சில வாரம் காத்திருப்பார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பித்தப்பைக் கல்லைக் கரைத்துவிடலாம் என்று நாளைக் கடத்தினால் அடுத்த அழற்சி வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. திசு அழுகிவிட்டது என்று கேட்டதும் “உடனே வெட்டி எடுத்துடுங்க” என்பது. முடிந்தால் 4 வாரம் பொறுத்து, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் கட்டிய பிறகு கைவைப்பதுதான் பாதுகாப்பு. தொற்று ஏறினால் முதலில் குழாய் வைத்துச் சீழை வடிப்பார்கள். 2010-ல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வில் அப்படி வடித்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதற்குமேல் எதுவுமே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, குடியை விட்டவர்கள் சிகரெட்டை விடுவதில்லை. புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். “பீர் மட்டும்” என்ற சமரசமும் கிடையாது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000-ஐத் தாண்டி அதனால் அழற்சி வந்தவர், வலி போனதும் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி அதே கட்டிலுக்குத்தான் வருவார்.

நாள்பட்ட கணைய அழற்சி தென்னிந்தியாவில், குடிக்காத இளைஞர்களிடமும் நிறையவே காணப்படுகிறது. கணையக் குழாயில் கல், கூடவே சர்க்கரை நோய். கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைத்து எண்டோஸ்கோபியில் எடுக்கும் வசதி இப்போது இருக்கிறது. அதன் பிறகும் சாப்பாடு செரிக்க என்சைம் கேப்ஸ்யூல் வேண்டியிருக்கலாம். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டால் வீண். முதல் கவளத்தோடும் நடுவிலுமாக, சோற்றோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம் நின்றதா, எடை ஏறுகிறதா என்று பார்த்து அளவை டாக்டர் கூட்டுவார். கொழுப்புக்குப் பயந்து கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு எலும்பும் தோலுமாகிவிடாதீர்கள்.

இவர்களின் சர்க்கரைக்கு இன்னொரு குணம் உண்டு. இன்சுலினோடு, தாழ்ந்த சர்க்கரையை ஏற்றும் குளுககான் சுரப்பும் குறைந்திருப்பதால் சட்டென்று கீழே இறங்கிவிடும். வலியால் ஒருவேளை சாப்பிட முடியாமல் போனால், அன்றைய இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்ட பிறகு போடுங்கள். வெளியே கிளம்பும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.