எதிர்க்கட்சி வீட்டுக்கு எதிர்வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டைத் தட்டினான். தெருக்கோடி விளக்கு பத்து நாளாக எரியவில்லை. "மனு கினு எல்லாம் எதுக்கு அங்கிள்? நம்ம ஆளுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. எதிர்வரிசைக்காரங்ககிட்ட சொல்லவே வேணாம், அவங்க வேற கட்சி." 2013இல் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நான் பேசியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்த் தெரு. பத்தொன்பது வீடுகள். முப்பது வருஷமாக இருக்கிறேன். எனக்குக் கட்சி உண்டு, உறுப்பினர் அட்டை உண்டு. 2011 உள்ளாட்சித் தேர்தலை எந்தக் கட்சி அள்ளியது என்று ஞாபகம் இருப்பவர்களுக்கு அது எந்தக் கட்சி என்று புரிந்துவிடும்; புரியட்டும். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் நேர் எதிர்க்கட்சி. மாணவப் பருவத்திலிருந்தே அப்படித்தானாம்.

வாட்ஸ்ஆப் குழுவில் கண்டதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், டீக்கடையில் கைநீட்டிப் பேசாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. நான் செய்து, அடிபட்டுத் தெரிந்துகொண்டவை மட்டும் இங்கே.

"யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்பது

விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் பாத்தியதை முடிந்தது. சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கூட ஒருவரிடம் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94ஆவது பிரிவு. கோர்ட்டுக்கே இல்லாத உரிமை காய்கறி வண்டிப் பக்கத்தில் நமக்கு எங்கிருந்து வந்தது?

என்றைக்கும் எதிர்க்கட்சி என்று நினைப்பது

மூன்றாம் வீட்டுக்காரர் பாமக. 2009இல் எங்கள் கூட்டணி. இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாக பூத் ஸ்லிப் கொடுத்தோம். 2011இல் அவர் கட்சி ஹெட்மாஸ்டர் பக்கம் போய்விட்டது. அந்த இரண்டு மாதம், அவர் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் வாசலில் உதைத்துக்கொண்டு நின்றால்கூட நான் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 2014இல் பாஜக அணி, 2016இல் தனியாக, 2019இல் மறுபடி எங்களோடு. பிரசார ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மெதுவாகக் கேட்டார்: "அந்த ஸ்கூட்டரை வித்துட்டேன் சார், தெரியுமா?" எனக்குத் தலை நிமிரவில்லை.

கூட்டணியை விடுங்கள். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கூரை, ஒரே கட்சி. எம்ஜிஆர் போனபின் கட்சி உடைந்தது. 1989 தேர்தலில் ஒருவர் ஜானகி அணியின் இரட்டைப் புறா, மற்றவர் ஜெயலலிதா அணியின் சேவல். வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. சின்னம் ஒன்றாகி வெகுநாள் கழித்துத்தான் அடுப்பு ஒன்றானது.

ரிசல்ட் நாள் சரவெடி

2011 மே 13, வெள்ளிக்கிழமை. பத்தாயிரம் வாலாவை ஹெட்மாஸ்டர் வீட்டு கேட்டிலிருந்து விரித்துக் கொளுத்தினேன். மறுநாள் காலை அந்தக் காகிதக் குப்பையைக் கூட்டியவர் அவர் மனைவி.

பொதுக் காரியத்தைக் கட்சிக் காரியமாக்குவது

மேலே சொன்னதெல்லாம் வாய்த்தவறு, கைத்தவறு. காலப்போக்கில் ஆறிவிடும். இது அப்படி இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

2013. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். வடிகால் கேட்டு மனு எழுத முடிவானது. ஹெட்மாஸ்டர்தான் எழுதினார், அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. எழுதுவதற்கு முன்பு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றி, தெருவின் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து மட்டம் பார்த்தார். அவர்கள் வரிசை எங்கள் வரிசையைவிட முக்கால் அடி பள்ளம். அதனால் மனுவில் மூன்றாவது கோரிக்கையாக ஒன்று சேர்த்திருந்தார்: வடிகால் எங்கள் பக்கம் வந்தால், எதிர்வரிசைத் தண்ணீரும் அதற்குள் வந்து விழும்படி ஆழம் வைத்து, ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு இடத்தில் சிமெண்ட் குழாய் பதிக்க வேண்டும். பதினேழு வீடுகள் கையெழுத்துப் போட்டன.

அந்த மனு என்னிடம்தான் இருந்தது. நான் அதை ஈபி கார்டு வைக்கும் டிராயரில் போட்டுவிட்டு எங்கள் கவுன்சிலருக்குப் போன் போட்டேன். "அண்ணே, எங்க தெருவுக்கு ஒரு கால்வாய் வேணும்ணே." மனு கொடுத்தால் பெயர் பதினேழு பேருக்குப் போகும், போன் போட்டால் எனக்கு மட்டும். யோசித்தால் அவ்வளவுதான் காரணம். அதோடு, எதிர்க்கட்சிக்காரர் எழுதிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆளிடம் போய் நிற்பதற்கு வெட்கம்.

கவுன்சிலரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதைச் செய்து கொடுத்தார். எட்டு மாதத்தில் எங்கள் வரிசையில் கால்வாய் வந்தது. கொடி கட்டி, பொன்னாடை போர்த்தி, கேசரி கொடுத்தோம். எதிர்வரிசையை நான் அழைக்கவில்லை. குறுக்குக் குழாய் வரவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. கால்வாய் முடிந்ததும் ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டார்கள். பள்ளம் இன்னும் பள்ளமானது.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. எங்கள் வரிசையில் தண்ணீர் மறுநாள் மதியமே வடிந்துவிட்டது. எதிர்வரிசையில் நாலு நாள் முழங்கால் அளவு. ஹெட்மாஸ்டர் வீட்டு அரிசி டிரம் கூடத்தில் மிதந்ததை என் வாசலில் நின்று பார்த்தேன். அவரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். என் வீட்டில் மாடியில் அறையே காலியாக இருந்தது. "வாங்க சார்" என்று கூப்பிட்டேன். "பரவாயில்லப்பா" என்றார். அந்த "ப்பா" இல்லாமலிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு குழாய்க்காக நானே அலைந்தேன். கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அதன்பின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். என்னிடம் இருந்த ஒரே வழி ஒரு போன் நம்பர். நம்பர் அப்படியே இருந்தது, பதவி இல்லை. ஆபீசில் கேட்டார்கள், "தெருவில் மத்தவங்க கையெழுத்து எங்கே?" வீடு வீடாகப் போனேன். ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து சொன்னார்: "அது உங்க கட்சிக் கால்வாய்தானேங்க. நீங்களே பாத்துக்கங்க."

புதிதாக வருபவர்களுக்கு இந்த இடம்தான் விளங்குவதில்லை. ஆள் பலத்தில் வரும் வேலை, ஆள் போனதும் அநாதை. இரண்டு கட்சிக்காரரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எந்த ஆட்சியிலும் எடுத்து நீட்டலாம். "அது அவங்க ஆளு மனு" என்று யாரும் ஓரம்கட்ட முடியாது. போன் போடவே கூடாது என்று சொல்லவில்லை. மனு போனபின் போடுங்கள்.

துக்கத்தில் கணக்குப் பார்ப்பது

2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா இறந்தார். மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் தெருவைக் கடந்து வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரைமணி நேரம் கழித்து எழுந்து போனார்.

2018 ஆகஸ்ட் 7 சாயங்காலம் கருணாநிதி இறந்த செய்தி டிவியில் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நான் போனேன். அன்றைக்கு எங்கள் கட்சி நண்பர்கள் அனுப்பிய கிண்டலையெல்லாம் பார்க்காமலே அழித்தேன். இரண்டு மாதம் கழித்து, டிராயரில் கிடந்த பழைய மனுவை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து வருஷமாக அது என்னிடமே இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "முக்கால் அடின்னு எழுதியிருக்கேன். ரோட்டை ஏத்திட்டாங்க. இப்ப ஒண்ணேகால் இருக்கும்" என்றார். டியூபை எடுத்துவரச் சொன்னார்.

கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர் நாள். நாலு திங்கள் போனோம், இரண்டு பேரும் சேர்ந்தே. 2019 மார்ச்சில் தேர்தல் நடத்தை விதி வந்து எல்லாம் நின்றது. ஆடி மாதம்தான் குழாய் இறங்கியது. திறப்புவிழா வைக்கவில்லை.

பொதுச் சுவரில் சின்னம் வரைய விடுவது

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் என்றால் இரண்டு சொந்தக்காரர். உங்கள் ஒருவர் சம்மதம் போதாது.

குழந்தைகளை இழுப்பது

வேண்டாம்.

அரசியலே பேசாமல் இருந்துவிடுவது

சண்டை வேண்டாம் என்று ஊமையாகிவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரிப்படாது. பேசாவிட்டால் நமக்குள்ளேயே எதிராளியின் பதிலையும் நாமே எழுதிக்கொள்வோம். அந்தப் பதில் எப்போதும் அசலைவிட மட்டமாக இருக்கும். ஹெட்மாஸ்டரும் நானும் தினம் பேசுகிறோம், வாரத்தில் இரண்டு நாள் கத்துகிறோம். தலைவர்களை ஒருமையில் பேசுவதில்லை என்று மட்டும் ஒரு ஏற்பாடு. அவர் கட்சிக்காரர்களுக்கு அவர்கள் தலைவர் வெறும் தலைவர் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர் மாதிரி; எங்களுக்கும் அப்படித்தான். ஒருமையில் ஒரு சொல் விழுந்தால் பேச்சு அரசியலை விட்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

விளக்குத் தம்பியை ஹெட்மாஸ்டரிடம்தான் அனுப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனான். பத்து நிமிஷத்தில் திரும்பிவந்தான். "அங்கிள், கம்பத்து நம்பர் என்னன்னு கேக்கறாரு. கம்பத்துக்கு நம்பரெல்லாம் இருக்கா?"

டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன்.