பீரோவில் தூங்கும் துப்பாக்கி: கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“என் பிஸ்டல் இதுவரைக்கும் ஒரு தடவைகூட சிக்கினதில்லைங்க” என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நிறையப் பார்க்கிறேன். கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வாங்கிய நாளில் கடையில் கையில் எடுத்துப் பார்த்தது, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வெளியே எடுத்தது, மற்ற நாளெல்லாம் பீரோவின் லாக்கரில். சுடாத துப்பாக்கி எப்படிச் சிக்கும்? அதை வைத்து அது நம்பகமானது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

ராணுவத்தில் என் காலத்தில் பெரும்பகுதி கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், கழிந்தது. ஊர் திரும்பிய பிறகு கிரானைட் குவாரிக்காரர்கள், மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்கள் எனப் பலர் தங்கள் துப்பாக்கியின் கோளாறுகளை என்னிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள். கேட்ட வரையில், பாதிக்கு மேல் வைத்திருந்த விதத்தால் வந்த கோளாறுகள். செய்த தொழிற்சாலையைத் திட்டுவதற்கு முன் நம் பீரோவைத் திறந்து பார்ப்பது நல்லது.

நம் பக்கம் தனியார் கையில் இருக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 தான், அதாவது குழலின் அளவு சுமார் 0.32 அங்குலம். 9 மி.மீ. போன்ற அளவுகள் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. கான்பூர் போன்ற அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்த ரிவால்வரும் பிஸ்டலும் ஒரு வகை. அப்பா, தாத்தா காலத்தில் வாங்கி வாரிசுக்கு வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இன்னொரு வகை. அவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஒரே .32 என்று நினைப்பது

பெட்டியில் .32 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுபவர்கள் உண்டு. உருளை சுற்றும் ரிவால்வருக்கான தோட்டா வேறு, மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், இருந்து ஏறும் பிஸ்டலுக்கான தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் அகலமான விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா, அதாவது .32 ஏ.சி.பி., குட்டையானது. சிக்கல் என்னவென்றால், அந்தக் குட்டைத் தோட்டாவின் அடியிலும் சின்ன விளிம்பு இருப்பதால் சில ரிவால்வர்களின் அறையில், அதாவது தோட்டா உட்காரும் துளையில், அது போய் உட்கார்ந்துவிடும். உட்கார்கிறதே என்று சுடக் கூடாது. ரிவால்வர் தோட்டாவுக்கு வரையறுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கோ 20,500. பழைய ரிவால்வரின் உருளைக்கு அது தேவையில்லாத சோதனை.

அந்தச் சின்ன விளிம்பு பிஸ்டலிலும் ஒரு வேலை காட்டும். மேகசினில் தோட்டாக்களை அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா முன்னால் நகராது. ஸ்லைடை இழுத்து விட்டும் சரியாகாது. மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை வெளியே எடுத்து, திரும்ப அடுக்க வேண்டும். ஒவ்வொரு ரவுண்டையும் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிஸ்டல் மட்டம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சில கேஸ்களில் இதுதான் காரணம்.

தேங்காய் எண்ணெய்

இதை நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். கதவுக் கீலுக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான். தருமபுரி வெயிலில் போட்ட அன்று வழவழவென்று ஓடும். அதே துப்பாக்கி மார்கழியில் தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்தால் கதை வேறு. அந்தக் குளிரில் குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கிவிடும். துப்பாக்கிக்குள்ளும் அதேதான் நடக்கிறது. தோட்டாவின் அடியில் இடித்து அதை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளை மிகக் குறுகலானது. அதற்குள் எண்ணெய் உறைந்தால் ஃபயரிங் பின் மெதுவாகத்தான் போய் இடிக்கும். தோட்டாவின் அடியில் ஆழமில்லாத சின்னக் குழி மட்டும் விழும், வெடிக்காது. உரியவர் தோட்டா மட்டம் என்பார், தோட்டா விற்றவர் துப்பாக்கி மட்டம் என்பார்.

உறையாவிட்டாலும் சமையல் எண்ணெய்கள் பலவும் நாளாக நாளாகக் கெட்டுப் பிசுபிசுக்கும். கிரானைட் குவாரிப் பக்கம் போய்வருபவர்களுக்கு இது இன்னும் மோசம். கல் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் கிடைப்பது இரும்பைத் தேய்க்கும் அரைவை மாவு. கார் டேஷ்போர்டிலும் இடுப்பிலும் பல மாதம் சுமந்த ஒரு பிஸ்டலின் ஸ்லைடு ஓடும் பள்ளத்தைத் துணியால் துடைத்தபோது சாம்பல் நிறத்தில் பசை வந்தது. அதன் உரிமையாளர் மாதாமாதம் தவறாமல் எண்ணெய் விட்டவர்தான். ஆனால் பழையதைத் துடைக்காமலே மேலே மேலே விட்டிருக்கிறார்.

துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை வாங்குங்கள், கொஞ்சமாக விடுங்கள். ஃபயரிங் பின் துளை ஏறக்குறைய உலர்ந்தே இருக்கட்டும். தோட்டா நிரம்பிய துப்பாக்கிக்கு எண்ணெய் விடவே கூடாது. துருநீக்கி ஸ்ப்ரே அடித்துவிட்டு அப்படியே தோட்டாவைப் போட்டு வைப்பதும் அதே தவறுதான். அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து தோட்டாவின் கேப்புக்குள், அதாவது ஃபயரிங் பின் இடிக்கும் அடிப்பகுதிச் சிமிழுக்குள், இறங்கி, உள்ளே இருக்கும் மருந்தைச் செத்துப்போகச் செய்துவிடலாம்.

பழைய ரவுண்டுகள்

வருடத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே வரம்பு இருக்கிறது, விலையும் அதிகம். அதனால் வாங்கியதைச் செலவழிக்க மனம் வராமல் வருடக்கணக்கில் சேர்த்து வைக்கிறோம். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் இருந்தால் தோட்டா பல்லாண்டு தாங்கும். தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகி வைத்தால் தாங்காது. பதப்படுத்திய தோலில் உள்ள அமிலமும் அது இழுக்கும் ஈரமும் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். தோல் உறையிலேயே வைத்த துப்பாக்கியும் அதே காரணத்தால்தான் துருப்பிடிக்கிறது. துப்பாக்கியும் தோட்டாவும் உறைக்கும் பெல்ட்டுக்கும் வெளியே இருக்கட்டும்.

களிம்பேறிய ரவுண்டுகளைக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் புளியின் அமிலமும் தண்ணீரும் கேப் ஓரமாக உள்ளே இறங்கும். களிம்பு அரித்த இடம் பளபளப்பின் கீழே மறைந்தும் போகும். களிம்பு லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். பள்ளம் விழுந்திருந்தால், குண்டு ஆடினால், அந்த ரவுண்டை ஆயுதக் கடையில் காட்டி முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். குப்பையில் போடுவதும் குழி தோண்டிப் புதைப்பதும் ஆபத்து, சட்டச் சிக்கலும்கூட.

தினமும் இரவு தோட்டாவை அறைக்குள் ஏற்றி, காலையில் இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ரவுண்டைத் திரும்பத் திரும்ப ஏற்றினால், மோதி மோதி, முனையில் இருக்கும் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். புது ரவுண்டு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தேர்தல் முடிந்து திரும்பி வரும்போது

தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 அன்று அறிவிப்பு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. ஸ்டேஷனில் டெபாசிட் செய்தவர்களின் துப்பாக்கி கோடை முழுவதும், முதல் மழை வரைக்கும், யாரும் தொடாமல் கிடந்தது. நம்மில் பலர் அவசர அவசரமாக, உறையோடு, கைவியர்வை படிந்த நிலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். திரும்ப வாங்கியதும் அப்படியே லாக்கரில் வைத்துவிடுகிறோம். இரண்டுமே தவறு.

கொடுக்கும் முன் தோட்டாவை எல்லாம் இறக்கி, உள்ளும் புறமும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, உறையில்லாமல் துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும், காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்த பிறகு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டிக் குழலுக்குள் பாருங்கள். சாவித் துவாரத்தையே விடாத குளவி துப்பாக்கிக் குழலை விடுமா? காய்ந்த மண்கூடு குழலை அடைத்திருக்கும்போது சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். பிடித்திருப்பவரின் விரல்களும் போகலாம்.

“ரிவால்வர் சிக்கவே சிக்காது”

இந்த நம்பிக்கை எங்கும் உண்டு. ரிவால்வர் சிக்குவது குறைவு, உண்மை. ஆனால் பிஸ்டலில் வரும் தடங்கல் பெரும்பாலும் கையாலேயே சரியாகும். ரிவால்வர் சிக்கினால் கருவி தேவைப்படும். அரசுத் தொழிற்சாலையின் பழைய மாதிரி .32 ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும் வகை. திறக்கும்போது நட்சத்திர வடிவ தகடு எழும்பி வெற்றுத் தோட்டாக்களைத் தள்ளும். தயங்கித் தயங்கித் திறந்தால் ஏதாவது ஒரு வெற்றுத் தோட்டாவின் விளிம்பு அந்தத் தகட்டுக்கு அடியில் நழுவி உட்கார்ந்துவிடும், பிறகு மூடவே முடியாது. ஒரே வீச்சில் திறக்கப் பழகுங்கள். தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நான்கைந்து சேர்ந்தாலே உருளை சுற்றாது. சுத்தம் செய்யும்போது பலர் மறக்கும் இடம் அது. மேலே உள்ள கொக்கி தேய்ந்து குழல் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் சுத்தியல் அடிக்கும் அடி சரியாக விழாது.

வெடிக்காதபோது செய்வது

“விசையை அழுத்தினேன், வெடிக்கலைங்கண்ணா. உடனே திருப்பிப் பார்த்தேன்” என்று ஒருவர் சர்வசாதாரணமாகச் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. மருந்து தாமதமாகப் பற்றி, சில நொடி கழித்து வெடிப்பது உண்டு. ரேஞ்சில் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்து, குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிறகுதான் இறக்க வேண்டும். ரிவால்வரில் உடனே அடுத்த முறை விசையை அழுத்துவது இன்னும் ஆபத்து. உருளை சுற்றி அந்தத் தோட்டா குழலை விட்டு விலகிய பிறகு வெடித்தால், குண்டுக்கு வெளியேற வழியே இருக்காது.

வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று வந்து, கையில் உதையும் தெரியாவிட்டால் அது வேறு வகைக் கோளாறு. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். அந்த நேரத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடும் பழக்கம்தான் கையை உடைக்கிறது. நிறுத்துங்கள், எல்லாவற்றையும் இறக்குங்கள், குழல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த ரவுண்டைத் தொடாதீர்கள். கம்பியும் சுத்தியலும் கொண்டு குண்டை நீங்களே அடித்து வெளியேற்ற முயல வேண்டாம்.

வெற்றுத் தோட்டா ஸ்லைடில் செங்குத்தாக மாட்டி நிற்பது, அடுத்தது பாதியில் நிற்பது போன்றவற்றுக்குப் பிடி தளர்ந்திருப்பது பெரும் காரணம். மணிக்கட்டு உறுதியாக இல்லாவிட்டால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது. ஒரே மேகசினில் மட்டும் சிக்குகிறதென்றால் பிழை மேகசினில்தான். அதன் உதட்டை, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பை, இடுக்கியால் வளைக்காமல் மேகசினையே மாற்றிவிடுங்கள்.

எங்கே சுட்டுப் பார்ப்பது, யாரிடம் கொடுப்பது

உரிமம் பெற்ற ரேஞ்சில் மட்டும். சொந்த மாந்தோப்புதானே என்று வானத்தைப் பார்த்துச் சுடுவது, கோயில் திருவிழாவில், கல்யாணத்தில் சுட்டுப் பார்ப்பது எல்லாம் குற்றம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கத்தான் செய்யும். வருடத்துக்கு ஒருமுறையாவது ரைபிள் கிளப்பில் அனுமதி கேட்டு, இருப்பதில் பழைய ரவுண்டுகளை அங்கே செலவழித்துவிட்டு, புதியதை வீட்டில் வையுங்கள். துப்பாக்கியின் நிலையும் தெரியும், தோட்டாவின் நிலையும் தெரியும்.

பழுதென்றால் பட்டறைக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டி விசையை இலகுவாக்கித் தருகிறேன் என்பார்கள். ஸ்பிரிங் வலு குறைந்தால் அடியும் வலு குறையும், தோட்டா வெடிக்காது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். அதனால்தான் என்னிடம் கொண்டு வருபவர்களுக்கும் யோசனை மட்டும் சொல்கிறேன், கழற்றுவதில்லை. உரிமம் உள்ள ஆயுதக் கடைக்குப் போகும்போது ‘சிக்குது’ என்று மொட்டையாகச் சொல்லாமல், எத்தனையாவது ரவுண்டில், எந்த மேகசினில், எந்தப் பெட்டித் தோட்டாவில் சிக்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள். வெடிக்காத தோட்டாவின் அடியில் விழுந்த குழியைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். குழி ஆழமாக இருந்தால் தோட்டா பக்கம், ஆழமில்லாமல் இருந்தால் துப்பாக்கி பக்கம் முதலில் தேடுவார்கள்.