ஓநாய் மனிதனுக்கும் வேம்பயருக்கும் காதல்: கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஆலி ஹேஸல்வுட்டின் ‘ப்ரைட்’ நாவலை எடுத்துக்கொண்டோம். 2024இல் வந்த ஆங்கில நாவல். வேம்பயர் சபையில் பெரும் செல்வாக்குள்ள ஒருவரின் மகள் மிஸரி. ஓநாய் மனிதர்களின் தலைவன் லோ. இரண்டு தரப்புக்கும் சமாதானம் வேண்டும் என்பதற்காக இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள், அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் காதல். வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் முதல்முறையாகத் தங்கள் கருத்தை எழுதிக் கொண்டுவந்தார்கள். வாசித்ததும் எனக்குத் திக்கென்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக்கொண்டிருந்ததையே வரிக்கு வரி எழுதியிருந்தார்கள்.

எழுத்துப்பிழை, பாத்திரங்களின் பெயர் மாறிப்போவது, பின்னட்டையைப் பார்த்து எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. நாலு தடவை எழுதினால் அவை தானாகச் சரியாகிவிடும். பல வருஷம் கூடவே வருகிற தவறுகள் வேறு.

முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்று குறை சொல்வது

காதல் நாவலில் இருவரும் சேர்வார்கள். அது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்களின் சங்கமே இந்த வகையை அப்படித்தான் வரையறுக்கிறது: நடுவில் ஒரு காதல் கதை, மனசுக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. சேர்ந்தார்களா என்பதை விடுங்கள். எப்படிச் சேர்ந்தார்கள், அதற்கு இருவரும் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

“வேம்பயர் என்றால் இப்படித்தான்” என்று விதி பேசுவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

அப்போது எங்கள் வட்டத்தில் என்னைவிட ஆறேழு வயது சின்னவள் ஒருத்தி இருந்தாள். ஓநாய் மனிதனுக்கும் வேம்பயர் பெண்ணுக்கும் இடையிலான காதலைத் தமிழில் தொடர்கதையாக எழுதிக்கொண்டிருந்தாள். கார்ப்பாத்திய மலையடிவாரத்தில் ஒரு கிராமம், அங்கே ஒரு மர ஆலை. வாரம் ஒரு அத்தியாயம் நோட்டில் எழுதி, பக்கங்களைப் போனில் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவாள். பதினான்காம் அத்தியாயத்தில் நாயகன் பட்டப்பகலில் ஓநாயாக மாறி, ஆற்றில் விழுந்த ஒரு சிறுவனைக் கவ்வி இழுத்து வருவான். மூச்சிரைக்க ஓடிவந்த நாயகி கரையில் வெயிலில் நின்று காத்திருப்பாள். அவன் மனித உருவுக்குத் திரும்பியதும் தன் சால்வையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான்.

நான் அதற்கு அனுப்பியது ஐந்து குறிப்புகள். பௌர்ணமி இல்லாமல் ஓநாயாக மாற முடியாது. வெயில் பட்டால் வேம்பயர் சாம்பலாகிவிட வேண்டும். அவன் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி இருக்கக் கூடாது. ஓநாய் மனிதர்களும் வேம்பயர்களும் ஜென்மப் பகையாளிகள், இவ்வளவு சீக்கிரம் நெருங்க மாட்டார்கள். வேம்பயர் செத்த உடம்பு, அவளுக்கு எப்படி மூச்சு இரைக்கும்? கடைசியில், ‘அடிப்படையைத் தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது’ என்று ஒரு வரி.

“அக்கா, இந்த விதியெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு? படிச்சுட்டுத் திருத்திடறேன்” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா” என்றேன்.

பதினைந்தாம் அத்தியாயம் வரவேயில்லை.

நான் பேசிய விதிகளை நானே எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எல்லாம் படம் பார்த்து மனசில் ஒட்டிக்கொண்டவை. இரண்டு வருஷம் கழித்துத்தான் பழைய கதைகளை உட்கார்ந்து படித்தேன். என் ஐந்து குறிப்பில் ஒன்றுகூட அவளுக்கு எதிராக நிற்கவில்லை.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலில் வேம்பயரான டிராகுலா பிரபு லண்டனில் பகலிலேயே நடமாடுகிறார். பிக்கடிலித் தெருவில் அவரைப் பார்த்துத்தான் நாவலில் வரும் இளைஞன் ஜோனதன் நிலைகுலைந்துபோகிறான். பகலில் பிரபுவின் சக்தி ஒடுங்கும், நினைத்த நேரத்தில் உருமாற முடியாது, அவ்வளவுதான். அதற்கும் 25 வருஷம் முந்தைய ‘கார்மில்லா’வில் வருகிற வேம்பயர் பெண் மதியத்துக்கு மேல் எழுந்து தோழியோடு உலாவப் போகிறாள். வெயில் பட்டு வேம்பயர் அழிவதை 1922இல் வந்த ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப்படம் காட்டியது. டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் தழுவி எடுத்த படம் அது. அந்தப் படத்தின் முடிவைத்தான் நான் ஆதிகாலத்து விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமியும் அப்படித்தான். ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் லைக்கவோன் அரசன் கடவுளின் கோபத்தால் ஓநாயானவன். அவன் ஓநாயாகவே போய்விடுகிறான், மாதம் ஒரு முறை மாறித் திரும்பும் பேச்சே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் மரீ த ஃப்ரான்ஸ் எழுதிய ‘பிஸ்க்லாவ்ரே’ என்ற கதைப்பாடலை இந்த வகை நாவல் படிக்கிற எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். நல்லவனான ஒரு பிரபு வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகக் காட்டில் திரிகிறான். உடையைத் திரும்ப அணிந்தால்தான் மனிதனாக முடியும். மனைவி அவன் ரகசியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த உடையை வேறொருவனை விட்டு எடுத்துவிடுகிறாள். ஓநாய் மனிதனிடம் பரிவு காட்டும் கதை எண்ணூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது, அதில் பௌர்ணமியும் இல்லை, வெள்ளியும் இல்லை. நிலா வெளிச்சம் பழைய கதைகளில் அங்கங்கே வரும். ஆனால் பௌர்ணமிதோறும் மாறியே தீர வேண்டும் என்ற கணக்கை எல்லோர் மனசிலும் பதித்தது ஹாலிவுட். 1941இல் வந்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்தின் புகழ்பெற்ற செய்யுளில்கூட நிலா ‘பிரகாசமாக’ இருந்தால் போதும். 1943இல் வந்த அடுத்த படத்தில்தான் அந்த வரியை மாற்றி முழுநிலவாக்கினார்கள். வெள்ளி என்றதும் ஓநாய் மனிதன் ஞாபகம் வருவதற்கும் அந்த 1941 படம்தான் பெரிய காரணம்.

ஜென்மப் பகை என்றேனே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ‘டிராகுலா’வின் முதல் அத்தியாயத்திலேயே, வண்டியடியில் கூடிய கூட்டம் சில சொற்களை முணுமுணுக்கிறது. ஜோனதன் தன் அகராதியைப் புரட்டிப் பார்க்கிறான். அவற்றில் இரண்டு சொற்களுக்கு, ஓநாய் மனிதன் அல்லது வேம்பயர் என்று ஒரே பொருள் போட்டிருக்கிறது. ஓநாய் மனிதனையும் வேம்பயரையும் ஒரே சொல் குறிக்கிறது. நாவலாசிரியர் சும்மா கற்பனை செய்ததும் இல்லை அது. தென் ஸ்லாவிய மொழிகளில் ஓநாயின் பெயரோடு பிறந்த ‘வுகோட்லாக்’ என்ற சொல் வேம்பயரையும் குறிக்கும். அதே வேரிலிருந்து கிரேக்கத்துக்குப் போன ‘வ்ரிகோலகாஸ்’ கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணத்தைக் குறிக்கும். டிராகுலா பிரபு ஓநாய்களைக் கூப்பிட்டால் வரும், தானே ஓநாயாகவும் மாறுவார். இரண்டு குலங்களாகப் பிரித்து அவர்களுக்குள் நூற்றாண்டுப் போரை மூட்டிவிடும் கதை நம் காலத்தில்தான், 2003இல் வந்த ‘அண்டர்வேர்ல்ட்’ மாதிரியான படங்களால் பரவியது. பழைய வழக்கில் ஒரே சொல்லுக்குள் இருந்த இருவரை அவள் மறுபடி ஆற்றங்கரையில் சேர்த்துவைத்தாள். நான் தப்பு என்று சொன்னேன்.

அவளைத் தேடிப் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “பரவாயில்லக்கா. அந்த நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துல இப்ப என் பையன் கணக்குப் போடறான்” என்றாள்.

‘ப்ரைட்’ பற்றி இந்த முறை வந்த கருத்து ஒன்றில், செத்தவர்களுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று இரண்டு பத்தி. அந்த நாவலில் வேம்பயர்கள் செத்தவர்களே இல்லை. மனிதர்களைப் போலவே பிறந்து வளர்கிற தனி இனம். மிஸரிக்கு இரட்டைச் சகோதரன் இருக்கிறான். நாவல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. படித்தவர் நாவல் சொன்னதை ஒதுக்கிவிட்டு, தன் மனசில் ஓடிய பழைய படத்தோடு சண்டை போட்டிருக்கிறார்.

சரி, விதியைப் பற்றிப் பேசவே கூடாதா? பேச வேண்டும். அந்தப் புத்தகம் தனக்குத் தானே போட்ட விதியை வைத்துப் பேசுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வெயில் சுட்டெரிக்கிறது என்று சொல்லிவிட்டு, முப்பதாம் அத்தியாயத்தில் காரணமே இல்லாமல் நாயகி உச்சிவெயிலில் ஓடினால் அது பிழை. பக்க எண்ணோடு எழுதுங்கள். அப்புறம், அந்த விதி காதலுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மிஸரியின் வாசனை தன்னைத் தொந்தரவு செய்கிறது என்று லோ சொல்கிறான். ஓநாயின் மோப்பத்தை ஒரு தம்பதிக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தால் எவ்வளவு தப்பர்த்தம் விளையும், எவ்வளவு கூச்சம் வரும் என்று நாவல் விளையாடிப் பார்க்கிறது. நான்கு கருத்துகளில் ஒருவர்கூட இந்த இடத்தைத் தொடவில்லை.

விதிக்கப்பட்ட ஜோடி என்பதால் எல்லாம் சரி என்பது

ஓநாய் மனிதர்கள் வருகிற காதல் நாவல்களில் ‘மேட்’ என்று ஒன்று வரும். இன்னாருக்கு இன்னார் என்று பிறவியிலேயே எழுதிவைத்த துணை. உடம்பும் மூக்கும் முதலில் அடையாளம் கண்டுவிடும், மனசு பிறகுதான் வரும். புதிதாக எழுதுபவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ‘மேட் ஆயிற்றே, அதனால் அப்படி நடந்துகொண்டான்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

க்ரெஸ்லி கோலின் ‘ஏ ஹங்கர் லைக் நோ அதர்’ 2006இல் வந்தது, அடுத்த வருஷம் காதல் நாவல்களுக்கான ரீட்டா விருது வாங்கியது. நாயகன் வேம்பயர்களிடம் 150 வருஷம் சித்திரவதைப்பட்ட ஓநாய் இனத்தவன். தப்பித்து வந்து தன் துணையைக் கண்டுபிடித்தால், அவள் பாதி வேம்பயர். அவளைப் பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகிறான். முதல் பாதியில் அவன் நடந்துகொள்வது முரட்டுத்தனம். அத்தனை வருஷ வதையை நினைத்து மன்னிக்கிற வாசகர்கள் உண்டு, அந்தப் பக்கங்களைத் தாண்டவே முடியாதவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. பிற்பாதியில் நாயகி எமலைன் தைரியம் பெற்று எழுவது எனக்குப் பிடித்தது. அதற்காக ஆரம்பத்தை மறக்கவும் முடியவில்லை. கருத்து எழுதும்போது இதைத் தவிர்த்துவிட்டு நகராதீர்கள். அவளால் மறுக்க முடிந்ததா, மறுத்தபோது அவன் நின்றானா என்று எழுதுங்கள். உங்கள் நிலைப்பாட்டை மற்றவர் ஏற்க வேண்டாம், தெரிந்தால் போதும்.

ஓநாய் விஞ்ஞானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது

நாயகனின் அதட்டலுக்குச் சமாதானமாக, காட்டு ஓநாய்க் கூட்டத்திலும் ஆல்ஃபா, அதாவது தலைமை ஓநாய், இப்படித்தான் அடக்கி ஆளும் என்று எழுதுவார்கள். அந்தக் கருத்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் பார்த்தவை அடைத்து வளர்த்த ஓநாய்கள். 1970இல் தன் புத்தகத்தால் அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே 1999இல் கட்டுரை எழுதித் திருத்திக்கொண்டார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், முன்னே நடப்பது அப்பாவும் அம்மாவும். நாவலில் வரும் ஆல்ஃபா நாவலின் கற்பனை. அவனை நாவலுக்குள் வைத்தே எடைபோடுங்கள்.

ரத்தக்காட்டேரி என்று மொழிபெயர்ப்பது

நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் எழுதினேன். காட்டேரி நம் ஊர்களில் படையல் போட்டுக் கும்பிடுகிற தெய்வம். கைக்குழந்தைக்காரிகள் அவளுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். ஐரோப்பாவின் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவருக்கு அவள் பெயரைக் கொடுத்தால் இரண்டு பேரும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவார்கள். வேம்பயர் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

எந்த வயதினருக்கு என்று சொல்லாமல் விடுவது

படுக்கையறைக் காட்சிகள் விரிவாக உண்டு என்றால் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அட்டையைப் பார்த்து எடுக்கிறார்கள்.

‘பெண்கள் படிக்கிற புத்தகம்’ என்பது

இந்த வரியை எழுதாதீர்கள்.

பாதியில் மூடிவைத்தது

எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

நட்சத்திரம்

காரணம் எழுதாமல் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.