லினக்ஸ் மைனிங்: கிளாக்கை ஏற்றும் முன் வாட்டைக் குறையுங்கள்

கிரிப்டோ நாணய மைனிங் செய்யும் என்விடியா கிராபிக்ஸ் கார்டில் முதலில் தொட வேண்டியது பவர் லிமிட், அதாவது கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு. என்விடியா எஸ்எம்ஐ கட்டளையிலேயே குறைக்கலாம். வாட் குறைகிற அளவுக்கு ஹேஷ்ரேட் (மைனிங் கணக்கு போடும் வேகம்) குறையாது.

அப்புறம் மெமரி கிளாக், அதாவது கார்டின் மெமரி ஓடும் வேகம். விண்டோஸில் கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் +500 என்பது லினக்ஸின் என்விடியா செட்டிங்ஸில் +1000. இது தெரியாமல் அதே எண்ணைப் போட்டுவிட்டு, ஹேஷ்ரேட் ஏன் ஏறவில்லை என்று நான் ஒருநாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நூறு நூறாக ஏற்றுங்கள். இன்வேலிட் ஷேர் (கார்டு தவறாகக் கணக்கிட்ட விடை) தலைகாட்டினால் ஒரு படி இறங்குங்கள்.

கோர் (கார்டின் முக்கியச் சிப்) 60 டிகிரிதானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சில கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி தனியாகக் கொதிக்கும். 110 டிகிரியை எட்டினால் கார்டே வேகத்தைக் குறைத்துவிடும். ஃபேனை ஆட்டோவில் விடாமல் நீங்களே கூட்டி வையுங்கள்.

ரீபூட் செய்தால் பவர் லிமிட் பழையபடி ஆகிவிடும். பூட் ஆகும்போது தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வைத்தால் சரி.