கேபிள் நெட்டில் அப்ஸ்ட்ரீம் நாய்ஸைப் பிடிப்பது எப்படி

யாங்கோனில் மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். படம் நன்றாக ஓடுகிறது, ஆனால் வீடியோ காலில் நாம் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் வெட்டி வெட்டிப் போகிறது. மோடத்தை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், முதலில் அப்ஸ்ட்ரீமை, அதாவது வீட்டிலிருந்து மேலே போகும் சிக்னலைப் பாருங்கள்.

கீழே வரும் சிக்னல் ஒரே இடத்திலிருந்து பல வீடுகளுக்குப் பிரிகிறது. மேலே போவது அதற்குத் தலைகீழ், ஒரு நோடில் (ஒரு பகுதி வீடுகளின் லைன்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) உள்ள அத்தனை வீட்டு இரைச்சலும், அதாவது நாய்ஸும், புனலில் ஊற்றிய மாதிரி ஒரே இடத்தில் வந்து சேரும். அதுவும் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை (ஐரோப்பிய முறையில் 65 வரை) உள்ள குறுகிய பாதை. சிற்றலை ரேடியோ, மோட்டார், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் இங்கேதான் புகும். கரண்ட் போனதும் மாடிக்கு மாடி இன்வெர்ட்டர் ஓடும் ஊர் நம்முடையது, அதனால் நாய்ஸ் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நோடில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள், எந்தக் கிளையில் நாய்ஸின் அடிமட்டம் உயர்ந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆம்ப்ளிஃபயர், டேப் (வீடுகளுக்கு லைன் பிரியும் இடம்), கடைசியில் வீடு என்று போக வேண்டும். அளப்பதற்கென்றே இருக்கும் டெஸ்ட் பாயின்ட்டிலேயே அளந்துவிடுங்கள், அவசரப்பட்டுக் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். துருப்பிடித்த கனெக்டரைத் தொட்டாலே கோளாறு கொஞ்ச நேரம் மறைந்துவிடும், மறுநாள் திரும்பி வரும். அனலைசர் திரையில் 6 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி மேடுகள் தெரிந்தால் அந்தத் துருவைத்தான் தேட வேண்டும்.

பெரும்பாலான நாய்ஸ் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அனவ்ரதா சாலையில் காளி கோயில் பக்கம் ஒரு கட்டடத்தில் மூன்று நாள் அலைந்தேன். ஐந்தாம் மாடி அக்கா, "டீவியை வித்துட்டோம் தம்பி, வயர் மட்டும் கிடக்கு" என்றார். அந்தத் திறந்த முனைதான் கட்டடம் முழுவதையும் கெடுத்துக்கொண்டிருந்தது, 75 ஓம் டெர்மினேட்டர் (திறந்த முனையை அடைக்கும் மூடி) ஒன்றைப் போட்டதும் அடங்கிவிட்டது. டேப்பிலும் ஸ்ப்ளிட்டரிலும் சும்மா இருக்கும் போர்ட் எல்லாவற்றுக்கும் இதேதான். கையால் முறுக்கிய இணைப்புகளை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல ஷீல்டு உள்ள ஆர்ஜி-6 வயரும் கம்ப்ரெஷன் கனெக்டரும் போடுங்கள். டீவி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அப்ஸ்ட்ரீம் அலைகளைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் போதும்.

பலர் செய்யும் தவறு, ஆம்ப்ளிஃபயரில் ரிட்டர்ன் கெயினை, அதாவது அப்ஸ்ட்ரீமைப் பெருக்கும் அளவை ஏற்றுவது. சிக்னலோடு நாய்ஸும் சேர்ந்து ஏறுமே, என்ன லாபம்? அதற்குப் பதில், 30 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அலகு) அளவில் மெதுவாகப் பேசும் மோடம் இருந்தால் அந்த வீட்டு லைனின் ரிட்டர்னில் 10 டிபி தடுப்பு வையுங்கள். மோடம் தானாகக் குரலை உயர்த்தி ஈடுகட்டிக்கொள்ளும், அந்த வீட்டு நாய்ஸ் மட்டும் 10 டிபி குறைந்துபோகும்.

வேலை முடியும்வரை சேனலை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே நகர்த்தி, 64-க்யூஏஎம்மை (சிக்னலில் தரவை ஏற்றும் முறை) 16-க்கு இறக்கி வைத்தால் வேகம் குறைந்தாலும் லைன் நிற்கும். சரிசெய்த பிறகு ஒரு கரண்ட் கட், ஒரு நல்ல மழை, இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் புகாரை மூடுங்கள்.