அம்மாவின் மாத்திரை வேறு, அப்பாவின் மாத்திரை வேறு

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்), அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. இருவரும் சாப்பிடுவதை ஊரில் ‘ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை’ என்பார்கள். ரத்தம் தண்ணியாவதில்லை, உறைவதுதான் தாமதமாகிறது. அதுவும் இருவருக்கும் வேறு வேறு வழியில்.

அப்பாவுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இவை பார்த்துக்கொள்ளும். இதற்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. வயிறு எரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் மாரடைப்பு வரும்.

அம்மாவுக்கு அசிட்ரோம். வார்ஃபரின் வகையைச் சேர்ந்தது. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் உறைய வைக்கும் புரதங்கள் சிலவற்றைத் தயாரிக்கிறது. மாத்திரை அந்த இடத்தில் கை வைக்கிறது. அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டும். அதனால்தான் ஐ.என்.ஆர். பார்க்கிறோம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அது; எண் கூடினால் தாமதமும் கூடுகிறது என்று பொருள். அம்மாவுக்கு 2.5-இலிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரு முறை பல் வீக்கத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அசிட்ரோம் சாப்பிடுவதை நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவின் மணிக்கட்டில், வளையல் அழுத்தும் இடத்தில், நாவல்பழ நிறத்தில் ஒரு பட்டை. பல் தேய்த்த தண்ணீரெல்லாம் சிவப்பு. அந்த மருந்து அசிட்ரோமின் வேலையைக் கூட்டிவிட்டது, ஐ.என்.ஆர். 6.8! அன்றிலிருந்து மாத்திரை அட்டையைக் காட்டாமல் எந்த மருந்தும் வாங்குவதில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், நாட்டு மருந்து, இடுப்பில் போடும் ஊசி, எதுவானாலும் முதலில் இதய டாக்டரைக் கேட்டுவிடுவோம்.

கீரையை அடியோடு நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை. முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாளே இருக்கட்டும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும்.

அம்மாவுக்குச் சில நாள் 2 மில்லிகிராம், சில நாள் 3. தினசரி காலண்டர் தாளில் முன்கூட்டியே எழுதிவைத்து, மாலை ஆறு மணிக்குக் கொடுத்ததும் டிக் அடிக்கிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.