வேட்பாளர் விவாதத்தில் தொனி வேறு, சொல் வேறு எனப் பிரித்துக் கேட்பது எப்படி?

தேர்தல் காலத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எந்த ஊர்ச் சாயாக்கடையில் அமர்ந்தாலும், முந்தைய இரவு தொலைக்காட்சியில் நடந்த விவாதத்தைப் பற்றிய தீர்ப்பு "நல்லாப் பேசினாரு" அல்லது "திமிராப் பேசினாரு" என்ற அளவில் முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பு கருத்தால் வந்ததா, குரலால் வந்ததா, ஒரேயொரு சொல்லால் வந்ததா என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. அதைப் பிரித்தறியும் முறையைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஒரு கைப்பேசியும், ஒரு நோட்டும், இரண்டு நிறப் பேனாக்களும் போதும்.

படி 1: பத்து நிமிடத்தை வெட்டி எடுங்கள்

முழு விவாதத்தையும் ஆராய முயன்றால் பாதியில் சலித்துவிடும். இரண்டு வேட்பாளர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான்குவழிச் சாலை, துறைமுகம், ரப்பர் விலை ஆகியவற்றில் ஒன்றாவது எப்படியும் வந்துவிடும்.

படி 2: படமின்றிக் கேளுங்கள், பிறகு ஒலியின்றிப் பாருங்கள்

1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது, வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் கருதினார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கணக்கெடுப்பில் வானொலி நேயர்கள் மிகக் குறைவு என்பதால் ஆய்வாளர்கள் பலர் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் கண்ணையும் காதையும் தனித்தனியே பயன்படுத்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. பேசாமல் இருப்பவரையும் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் விவாதத்தில், எதிராளி பேசிக்கொண்டிருந்தபோது வேட்பாளர் அல் கோர் விட்ட பெருமூச்சுகள், அவர் சொன்ன கருத்துகளைவிட அதிகமாகப் பேசப்பட்டன.

இடையே ஓர் எச்சரிக்கை. பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அந்தக் கணக்கைத் தந்த உளவியலாளர் மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ரப்பர் விலை பற்றிய பதிலுக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

படி 3: சொற்களை எழுதி எடுங்கள்

பேச்சை உள்ளபடியே எழுதி, முதல் பேனாவால் மூன்று வகைச் சொற்களைக் கோடிடுங்கள்.

ஒன்று, பெயரிடும் சொற்கள். "மத்திய அரசு" என்பவரும் "ஒன்றிய அரசு" என்பவரும், "இலவசம்" என்பவரும் "விலையில்லா" என்பவரும் ஒரே பொருளைத்தான் சுட்டுகிறார்கள். ஆனால் கேட்பவர் அந்த நொடியிலேயே பேசுபவரை ஓர் அணியில் சேர்த்துவிடுகிறார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, கரை திரும்பாதவர்களைக் "காணாமற்போனோர்" என்பதா "இறந்தோர்" என்பதா என்பது கடற்கரைக் குடும்பங்களுக்கு வெறும் சொல் வேறுபாடாக இருக்கவில்லை.

இரண்டு, "நாம்", "நாங்கள்". தமிழில் விவாதம் கேட்பவருக்குக் கிடைத்திருக்கும் நல்ல கருவி இது. "நாங்கள் சாலை போட்டோம்" என்பவர் கேட்பவரை வெளியே நிறுத்துகிறார். "நாம் இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும்" என்பவர் உள்ளே அழைக்கிறார், சில வேளைகளில் தம் பொறுப்பையும் அந்த "நாம்" என்பதற்குள் கரைத்துவிடுகிறார். சாதனைக்கு "நாங்கள்", தவறுக்கு "நாம்" என்று ஒருவர் மாற்றி மாற்றிப் பேசினால் விளிம்பில் குறித்துவையுங்கள்.

மூன்று, வினைமுற்றுகள். "செய்வேன்", "செய்யப்படும்", "பரிசீலிக்கலாம்" ஆகியவற்றுக்கு இடையிலான தொலைவு பெரிது. ஆனால் சொல்லை மட்டும் வைத்து எடைபோட்டுவிடவும் முடியாது. காமராசரின் "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற தொடரை வேறொருவர் சொன்னால் நழுவலாகத்தான் கேட்கும். அவர் சொன்னபோது பலர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அவரை 1969 இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி.

படி 4: தொனியைக் குறியுங்கள், உங்கள் காதையும் சந்தேகியுங்கள்

இரண்டாவது பேனாவால் குரல் உயரும் இடம், வேகம் கூடும் இடம், மௌனம், ஏளனம் ஆகியவற்றைக் குறியுங்கள். இங்கேதான் நான் தவறினேன். கடற்கரை ஊரைச் சேர்ந்த வேட்பாளர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பக்கம் முழுவதும் "கோபம், கோபம்" என்று எழுதியிருந்தேன். தூத்தூர்ப் பக்கத்து நண்பர் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அலைச் சத்தத்துக்கும் படகின் எஞ்சின் இரைச்சலுக்கும் மேலாகப் பேசிப் பழகியவர்களின் இயல்பான குரலே அதுதான் என்றும், உண்மையில் அந்த வேட்பாளருக்குக் கோபம் வந்த இடம் அவர் குரல் தாழ்ந்த அந்த ஒரே இடம் என்றும் நண்பர் சொன்னபோது, மீண்டும் கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் என்பதால், மேற்கே உள்ள விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளச் சாயல் இருக்கும். அதைக் கிழக்கே உள்ளவர்கள் குழைவு என்றோ உறுதியின்மை என்றோ தவறாக எண்ணக்கூடும். எனவே ஒருவரின் குரலை மற்றவரின் குரலோடு ஒப்பிடாமல், அதே மனிதர் எளிய கேள்விக்குப் பதில் சொன்ன குரலோடு ஒப்பிடுங்கள். பெண் வேட்பாளர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஆணிடம் "கம்பீரம்" எனப்படும் அதே உரத்த குரல் பெண்ணிடம் "கத்தல்" ஆகிவிடுகிறது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் தம் குரலைத் தாழ்த்திப் பேசப் பயிற்சி எடுத்துக்கொண்டதற்கும் இப்படிப்பட்ட காதுகளே காரணம்.

படி 5: குறுக்கீடுகளை எண்ணுங்கள்

யார் யாரை எத்தனை முறை இடைமறித்தார் என்று கோடு போட்டு எண்ணினால் போதும். நெறியாளரின் குறுக்கீட்டைத் தனியாக எண்ணுங்கள்.

படி 6: பெயரை மறைத்து மூவரிடம் கொடுங்கள்

நம் கட்சிக்காரர் குரலை உயர்த்தினால் அது துணிச்சல், எதிர்க்கட்சிக்காரர் உயர்த்தினால் ஆணவம் என்று கேட்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதனால், எழுதி எடுத்த பேச்சைப் பெயரும் கட்சியும் தெரியாதபடி கடற்கரையில் ஒருவர், மேற்கே ஒருவர், தோவாளைப் பக்கம் ஒருவர் என மூவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது உங்கள் குரலில் ஏற்ற இறக்கம் வேண்டாம். "யார் வென்றார்?" என்று கேட்காமல், "எந்தச் சொல் மனத்தில் நின்றது?" என்று கேளுங்கள். அதன் பிறகு ஒலிப்பதிவைக் கேட்கச் செய்து, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். இரண்டு பதில்களும் மாறினால், மாறிய இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் எழுதி, உங்கள் இரண்டாவது பேனாக் குறி அங்கே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.